விகடகவி ஏன் தேறவில்லை?

இணையவழிப் பயிற்சிகளில் மாணவர் எழுதும் செய்நிரலைத் திருத்துவதும் ஒரு செய்நிரல்தான். அது எழுதியவரின் எண்ணத்தை விளங்கிக்கொள்வதில்லை. ஒளித்து வைத்த உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டி, கிடைக்கும் வருவிளைவைத் தன்னிடமுள்ள விடையோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்காகப் பைதன் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவர் வீட்டில் சரியென்று கண்ட செய்நிரல், அங்கே ‘பிழையான விடை’ என்று திரும்பி வருவது இதனால்தான். ‘எண்ணை உள்ளிடுக’ என்று மரியாதைக்கு ஒரு வரி காட்டினாலே போதும். அதுவும் விடையோடு சேர்ந்து பிழையாகிவிடும்.

அடுத்த வழு தரவின் வகையில் இருக்கும். பைதனில் விசைப்பலகை வழியே வருவது எதுவும் சரமாகவே வந்து சேரும். முழு எண்ணாக மாற்றாமல் 5ஐயும் 7ஐயும் கூட்டினால் 57 வரும். இது உடனே கண்ணில் படும், வரிசைப்படுத்தலில் படாது. பஸ் இலக்கங்களை ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லும் பயிற்சியில், பருத்தித்துறை 750 போன்ற மூன்றிலக்க எண்களை மட்டும் கொடுத்துப் பார்த்தவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். கொழும்பு பஸ்ஸின் 87ஐச் சேர்த்தால் அது 750க்குப் பின்னால் போய் நிற்கும். சரங்களை முதற்குறியிலிருந்து ஒப்பிடுவதால் 7இல் தொடங்குவது முந்திக்கொள்கிறது.

தமிழ்ச் சொற்களோடு வேலை செய்பவருக்கு இன்னுமொரு பொறி உண்டு. இரு பக்கமிருந்தும் ஒன்றாகவே வாசிக்கக்கூடிய சொல்லா என்று சோதிப்பது தொடக்கப் பயிற்சிகளில் பெயர்பெற்றது; சரத்தைத் திருப்பி ஒப்பிட ஒரே வரி போதும். ஆங்கிலச் சொற்களில் தேறும் அந்த வரி, ‘விகடகவி’யிடம் தோற்றுப்போகிறது. ஒருங்குறியில் ‘வி’ என்பது வகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறிகள். நமக்கு ஐந்தெழுத்தான சொல் பைதனுக்கு ஏழு குறிகள். திருப்பினால் இகரக் குறி வகரத்தை விட்டு முன்னே ஓடிவிடும். ‘யாழ்ப்பாணம்’ நமக்கு 6 எழுத்து, பைதனின் கணக்கில் 11. ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைதன் நூலகம் சரத்தைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும்; அந்தப் பட்டியலைத் திருப்பினால் விகடகவி தேறிவிடும். வெளி நூலகத்தை அனுமதிக்காத தளமென்றால், உயிர்க்குறியையோ புள்ளியையோ கண்டதும் முந்திய எழுத்தோடு ஒட்டும் சில வரிகளை மாணவரே எழுதலாம். கொடுத்த பயிற்சியைவிட இது நல்ல பயிற்சி.

வழுவைத் தேடுமுன் தளம் தரும் செய்தியை முழுதாக வாசிக்க வேண்டும். பலர் சிவப்பு நிறத்தைக் கண்டதுமே மூடிவிடுகிறார்கள். ‘நேரம் கடந்தது’ என்றால் விடை பிழையென்று பொருளில்லை. ஓர் இலட்சம் எண்களில் ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் ஒப்பிடும் செய்நிரல் 1000 கோடி தடவை உழைக்கிறது. அதற்கு முறையையே மாற்ற வேண்டும். ‘பிழையான விடை’ என்றால் மிகச் சிறிய உள்ளீடுகளை, 0, 1, வெற்றுச் சரம் என்று, கொடுத்துப் பார்க்கலாம். 1 முதல் 10 வரை கூட்டவேண்டிய மடக்கு 9உடன் நின்றுவிடுவது போன்றவை இங்கேதான் பிடிபடும். அதற்கும் மசியாவிட்டால், கொப்பியில் மாறிகளின் பெயர்களைத் தலைப்பாக இட்டு, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அவற்றின் பெறுமானத்தை எழுதிக்கொண்டே போகவேண்டும். இதையே கணினியில் செய்பவர்கள் இடையிடையே பிரின்ட் வரிகளைப் போடுவார்கள். அனுப்புமுன் அவற்றை அழிக்க மறந்தால் மீண்டும் ‘பிழையான விடை’தான்.