இறந்த கணையத் திசுவை அகற்றும் எண்டோஸ்கோபி சிகிச்சை

கணையம் இரைப்பைக்குப் பின்புறம் அமைந்துள்ள சுரப்பி. செரிமானத்திற்கான நொதிகளையும் இன்சுலினையும் இது சுரக்கிறது. தீவிரக் கணைய அழற்சி பெரும்பாலும் பித்தப்பைக் கற்களாலும் மதுப்பழக்கத்தாலும் உண்டாகிறது. பலருக்கு இது சில நாள்களில் தணிந்துவிடும். சிலருக்குக் கணையத்தின் ஒரு பகுதியும் சுற்றியுள்ள கொழுப்பும் இறந்துபோகின்றன. அந்த இறந்த திசுவில் கிருமித்தொற்று ஏற்பட்டால் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

உடனே அகற்றாதது ஏன்?

"திசு அழுகிவிட்டது என்கிறார்கள்; ஆனால், அறுவை சிகிச்சை செய்யவில்லையே" என்று குடும்பத்தினர் கலங்குவது இயல்பு. காத்திருப்பதும் இச்சிகிச்சையின் ஒரு பகுதியே. தொடக்கத்தில் இறந்த திசுவுக்கும் உயிருள்ள திசுவுக்கும் இடையே தெளிவான எல்லை இராது. அப்போது அகற்ற முயன்றால் கடும் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். ஏறத்தாழ 4 வாரங்களில் இறந்த திசுவைச் சுற்றி உறுதியான உறை உருவாகும். அதன்பின் சிகிச்சை செய்வது பாதுகாப்பானது.

இடைப்பட்ட காலத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, வலி நிவாரணம், தேவையெனில் மூக்குவழிக் குழாய் மூலம் உணவு ஆகியவை அளிக்கப்படும். நெதர்லாந்தில் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வொன்றில், கிருமித்தொற்று இருந்தும் சீழ் வடிப்பு தள்ளிவைக்கப்பட்ட நோயாளிகளில் 39 விழுக்காட்டினருக்கு வடிப்பே தேவைப்படவில்லை. எனினும், நோயாளியின் நிலை மோசமடைந்தால் மருத்துவர்கள் 4 வாரங்களுக்கு முன்பே சீழை வடிக்க நேரிடலாம்.

யாருக்குத் தேவை?

தொற்றும் தொல்லையும் இல்லாத இறந்த திசுவை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடக்கூடும். மருந்துக்குக் கட்டுப்படாத தொற்று, நீடித்த வலி, இரைப்பை அல்லது பித்தநாளத்தில் அடைப்பு ஆகியவை இருப்பின் சிகிச்சை தேவைப்படும்.

எவ்வாறு செய்யப்படுகிறது?

1. மயக்க மருந்து அளித்து, வாய்வழியாக எண்டோஸ்கோப் கருவி செலுத்தப்படும். வயிற்றின்மேல் வெட்டுக்காயம் இராது.
2. கருவி முனையிலுள்ள அல்ட்ராசவுண்ட் உதவியால் இரத்தக்குழாய்களைத் தவிர்த்து, இரைப்பை அல்லது முன்சிறுகுடல் சுவரில் சிறு துளையிடப்படும்.
3. அத்துளையில் ஸ்டென்ட் பொருத்தப்படும். அதன்வழியே சீழ் குடலுக்குள் வடியும். சிலருக்கு இதுவே போதுமானது.
4. முன்னேற்றம் இல்லையெனில், அதே வழியில் கருவியைச் செலுத்தி இறந்த திசு துண்டு துண்டாக அகற்றப்படும். சில நாள் இடைவெளியில் பலமுறை செய்ய நேரிடலாம். இதனைச் சிகிச்சையின் தோல்வி எனக் கருத வேண்டாம்.

வயிற்றின் பக்கவாட்டில் குழாய் பொருத்தி, சிறு துளைவழியே அறுவை செய்யும் முறையும் உண்டு. 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கணையநீர் தொடர்ந்து கசியும் சிக்கல் எண்டோஸ்கோபி முறையில் 5 விழுக்காட்டினருக்கும் அறுவை முறையில் 32 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. திசு இருக்கும் இடத்தைப் பொறுத்து மருத்துவக் குழு உரிய முறையைத் தீர்மானிக்கும். சிலருக்கு இரண்டும் தேவைப்படலாம்.

ஏற்படக்கூடிய சிக்கல்கள்

இரத்தக்கசிவு, குடல் துளைபடுதல், ஸ்டென்ட் அடைபடுதல் அல்லது இடம்பெயர்தல் ஆகியவை முக்கியமானவை. இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வீடு திரும்பிய பின்

• உலோக ஸ்டென்ட்டை வழக்கமாக 3 முதல் 4 வாரங்களுக்குள் அகற்ற வேண்டும். நலமாக உணர்ந்தாலும் அதற்குரிய நாளைத் தவறவிடாதீர்கள். நாள்பட்டால் இரத்தக்கசிவு ஏற்படலாம்.
• மதுவையும் புகையிலையையும் முற்றிலும் கைவிடுங்கள்.
• பித்தப்பைக் கல் காரணமெனில், பித்தப்பையை அகற்றும் நாளை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.
• இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். எண்ணெய்ப்பசையுள்ள மலம், உடல் மெலிவு ஆகியவை இருப்பின் நொதி மாத்திரை தேவைப்படலாம்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்

குளிருடன் காய்ச்சல், அதிகரிக்கும் வயிற்றுவலி, இரத்த வாந்தி, கருநிற மலம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலந்தாழ்த்த வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். ஸ்டென்ட் பொருத்தப்பட்ட விவரமுள்ள மருத்துவச் சுருக்கத்தை உடன் எடுத்து வாருங்கள்.