படியின் இரண்டு பக்கங்கள்

'படி தாண்டாப் பத்தினி' என்பது சின்ன காஞ்சிபுரத்தில் பழமொழி மட்டுமல்ல. வரதராஜப் பெருமாள் கோயிலில் தனிச் சந்நிதியில் இருக்கும் பெருந்தேவித் தாயாருக்கு அது பட்டப்பெயர். ஸ்ரீரங்கத்து ரங்கநாயகிக்கும் இதே பட்டம்தான். சிறுவயதில் நான் கேட்டேன்: "பெருமாள் தெருவுக்கு வர்றாரே, தாயார் ஏன் வர்றதில்ல?" தார் சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆயா கையை நிறுத்தாமல் சொன்னாள்: "அவங்க வரமாட்டாங்கடா. நாமதான் போய்ப் பாக்கணும். பத்தினி இல்ல?" இந்த 'இல்ல?' என்ற கேள்விக்குள் எவ்வளவு பெரிய ஏற்பாடு அடங்கியிருக்கிறது என்பதை யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதர் கருடன் மேலேறிப் பெரிய காஞ்சிபுரம் வரை போய் வருகிறார். அனந்தசரஸ் குளத்துக்குள் கிடக்கும் அத்தி வரதர்கூட நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 2019இல் ஜூலை 1 முதல் 48 நாள் ஊர் கொள்ளாத கூட்டம். தாயாருக்கு வெள்ளிக்கிழமைகளில் புறப்பாடு உண்டு. அது கோயில் பிராகாரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தண்ணீருக்கு அடியில் இருப்பவர் வெளியே வரலாம், படிக்கு உள்ளே இருப்பவள் வரக்கூடாது.

இது ஒரு கோயிலின் வழக்கம் மட்டும்தானா? காஞ்சியின் தலக்கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரே காரியம் திரும்பத் திரும்ப நடப்பது தெரியும். பிரம்மா சரஸ்வதியை விட்டுவிட்டு யாகம் செய்கிறான். அவள் கோபங்கொண்டு வேகவதி நதியாகப் பெருகி வருகிறாள். திருவெஃகாவில் பெருமாள் குறுக்கே படுத்து அணையாகிறார். அதன் பிறகே யாகம் நிறைவேறி, நெருப்பிலிருந்து வரதர் தோன்றுகிறார். இன்னொரு கதை காமாட்சியுடையது. உக்கிரமாக இருந்தவளை ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரம் நிறுவிச் சாந்தப்படுத்தினார் என்கிறார்கள். அவள் வெளியே புறப்படும்போது உள்ளே இருக்கும் சங்கரர் சந்நிதியில் நின்று விடைபெற்றுத்தான் போகவேண்டும் என்பது கோயில் மரபு. ஒருத்திக்கு அணை, ஒருத்திக்குச் சக்கரம், ஒருத்திக்குப் படி. மூன்றிலும் பெண்ணின் சக்தி மறுக்கப்படவில்லை. சக்தி இருப்பதால்தான் தடுப்பே தேவைப்படுகிறது. தலபுராணம் என்கிற பிரதி அவளுடைய கோபத்திலிருந்து ஆரம்பித்து, அவளுக்கு இடம் ஒதுக்குவதில் போய் முடிகிறது.

சரி, வரலாற்றில் இந்தப் படி அசையாமல் இருந்ததா? 1688இல் ஔரங்கசீப்பின் படையெடுப்புக்குப் பயந்து காஞ்சியின் பெரிய கோயில்களிலிருந்து விக்கிரகங்கள் கடத்தப்பட்டன. வரதரும் தேவியரும் பிணங்களைப் போல மறைக்கப்பட்டு உடையார்பாளையம் காட்டுக்குப் போனார்கள். ஆபத்து நீங்கிய பிறகும் அங்கிருந்த பாளையக்காரர் திருப்பித் தர மறுத்தார். ஆத்தான் ஜீயர் கேட்டுக்கொண்டதன் பேரில் லாலா தோடர்மல் படையோடு போய் மிரட்டி 1710இல் மீட்டு வந்தார். இதைச் சொல்லும் கல்வெட்டு தாயார் சந்நிதிக்கு முன்னால்தான் இருக்கிறது. பங்குனியில் உடையார்பாளையம் உற்சவம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள்.

பங்காரு காமாட்சியோ திரும்பவே இல்லை. தங்க விக்கிரகத்துக்குப் புனுகு பூசி, அம்மை கண்ட பிள்ளை என்று சொல்லி மூடிய பல்லக்கில் கொண்டுபோனார்கள் என்பது கர்ணபரம்பரைக் கதை. அம்மனை ஒளித்து வைக்க அம்மை என்ற சொல்லே உதவியிருக்கிறது! ஊர் ஊராகப் போய்த் திருவாரூரில் தங்கி, கடைசியில் தஞ்சாவூர் மேல வீதியில் அவளுக்குக் கோயில் அமைந்தது. அவளுக்குப் பூசை செய்த குடும்பத்தில் பிறந்தவர்தான் சியாமா சாஸ்திரி (1762-1827).

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெருக்கடி வந்தபோது தீட்டின் உச்சமான பிணமாகவும், யாரும் நெருங்க அஞ்சும் நோயாகவும் தெய்வங்களை வேஷம் மாற்ற முடிந்திருக்கிறது. எந்தப் புனிதமும் குறைந்துவிடவில்லை. திரும்பி வந்த நாள் திருவிழாவாகிவிட்டது. ஆக, விதியைத் தளர்த்த முடியும். எப்போது தளர்த்தலாம், யார் தளர்த்தலாம் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது. கல்வெட்டில் ஜீயருக்கும் லாலாவுக்கும் பெயர் இருக்கிறது, சுமந்தவர்களுக்கு இல்லை.

தாயாரைப் பற்றிச் சண்டையே இல்லையா என்றால், உண்டு. அவள் பெருமாளுக்குச் சமமாக மோட்சம் தரவல்லவள் என்பது வடகலை. நமக்காக அவனிடம் பரிந்துபேசும் புருஷகாரம் மட்டுமே என்பது தென்கலை. வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் இதே ஊரில்தான். ஆனால் இந்த இரு கலையாரும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நீதிமன்றம் ஏறியிறங்குவது தாயாரின் இடத்துக்காக அல்ல, கோஷ்டியில் யார் பாடுவது என்பதற்காக. ஆழ்வார்களில் ஒரே பெண் ஆண்டாள். அவள் பாட்டைப் பாடும் கோஷ்டியில் பெண் குரல் கிடையாது. அந்த உரிமையை இரு தரப்பும் கேட்கவும் இல்லை.

படிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளேயிருந்து பார்த்தால் 'தாண்டாதே' என்பது பத்தினிக்குச் சொன்னது. வெளியிலிருந்து பார்த்தால் அதே சொல் தலித்துகளுக்குச் சொன்னது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை அந்தத் தடைக்கு வழக்கம் என்று பெயர். பெண் மீதான கட்டுப்பாடு இல்லாமல் சாதி நிற்காது என்று அம்பேத்கர் 1916லேயே எழுதிவிட்டார். அகமணம் என்ற வேலிதான் சாதி. வேலியின் காவல் பெண்ணின் உடல்மீது. கோயில் படி அந்த வாதத்தைக் கருங்கல்லில் காட்டுகிறது. அவளை வெளியே விடாத கல்லும் இவர்களை உள்ளே விடாத கல்லும் வேறு வேறு அல்ல.

தறிக்குழியில் உட்கார்ந்தவர் நெசவாளர். தார் சுற்றியவள், கோர்வைக்குக் கரைநாடா தள்ளியவள் 'வீட்டுல சும்மா இருக்கிறவ'. எங்கள் தெருப் பேச்சு இதுதான். அந்த ஆயா கடைசிவரை தாயாரைப் போய்ப் பார்த்து வந்தாள். ஒருமுறை திரும்பி வந்து, "பாவம், அவங்களுக்கும் காத்தோட்டம் வேணாமா?" என்றாள். எந்தத் தலபுராணத்திலும் இல்லாத வாசிப்பு இது. கல்வெட்டைப் படியெடுத்துவிட்டோம், இந்தப் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் தெருக்களில் அது இன்னும் கேட்கிறது. நம்மில் எழுதத் தெரிந்தவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.