உங்களுக்குத் தெரியுமா? மைல்கல்லில் கிலோமீட்டர்!

கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன் மகனும், டல்லாசில் அக்கா மகளும் வாரக் கடைசியில் வீடியோ அழைப்பில் உட்கார்ந்து ‘வேர்ல்டில்’ விளையாடுவார்கள். ஒரு நாட்டின் வெளிக்கோடு மட்டும் திரையில் வரும். ஆறு வாய்ப்புக்குள் அது எந்த நாடு என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால், சொன்ன நாட்டிலிருந்து விடை எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று காட்டும். போன வாரம் இரண்டு பேரும் ஒரே நாட்டைச் சொன்னார்கள். இவனுக்கு 2,400 என்று வந்தது, அவளுக்கு 1,491. “இன்னா சித்தப்பா, அவளுக்கு மட்டும் கிட்ட காட்டுது?” என்றான். இவன் கைப்பேசியில் கிலோமீட்டர், அவள் கைப்பேசியில் மைல். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். அது இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இந்த வாரத் துணுக்குகள் அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியவை.

20,000 என்ற முழு எண் எங்கிருந்து வந்தது?

அதே விளையாட்டில் விடைக்கு எவ்வளவு நெருங்கினீர்கள் என்பதைச் சதவீதமாகவும் காட்டுவார்கள். 20,000 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் சுழியம். பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் இடையே அதற்கு மேல் தூரம் கிடையாது என்பது கணக்கு. இயற்கை இவ்வளவு முழுமையான எண்ணைத் தானாகவா கொடுத்தது? இல்லை. 1791-இல் பிரான்சில் மீட்டரை வகுத்தபோது, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றே வகுத்தார்கள். கால் சுற்று 10,000 கிலோமீட்டர் என்றால் அரைச் சுற்று 20,000. அதையே மைலில் சொன்னால் 12,427 என்று வரும். பூமியையே அளவுகோலாக வைத்துப் பிறந்த அலகு என்பதால் உலகப்படப் புதிர்களுக்குக் கிலோமீட்டர் இவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் மீட்டருக்காகப் பூமியை அளந்து முடித்த சில ஆண்டுகளில், 1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் 100 அடிச் சங்கிலியை நீட்டி இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அவர் அளந்தது அடியில்தான். இரண்டு அளவு முறைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூமியைத் தடவிப் பார்த்திருக்கின்றன. அதில் ஒன்று நம் மண்ணிலிருந்து புறப்பட்டது.

மைல்கல்

கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் போகிற சாலை தேசிய நெடுஞ்சாலை 77. ஓரத்துக் கல்லின் தலையில் மஞ்சள் அடித்திருக்கும். மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. ‘ஜியோகெஸ்ஸர்’ விளையாடுகிற வெளிநாட்டுப் பிள்ளைகள், தெருப் படத்தைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்க இந்த நிறங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் எழுதியிருப்பது கிலோமீட்டர். நாம் சொல்வதோ மைல்கல். ஊர்ப் பெரியவர்கள் மைல் என்றுகூடச் சொல்லாமல் “ரெண்டு கல்லு தூரம்” என்பார்கள். எண் மாறி அறுபது வருடமாகியும் பெயர் மாறவில்லை.

ஒரே ஊர், இரண்டு அளவு

அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் எவ்வளவு உயரம்? 217 அடி. 66 மீட்டர் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கிரிவலப் பாதை எவ்வளவு நீளம்? 14 கிலோமீட்டர். எட்டே முக்கால் மைல் என்று யாரும் சொல்வதில்லை. நிமிர்ந்து பார்க்கும்போது அடி, நடக்கும்போது கிலோமீட்டர்.

இதற்கு நாள் கணக்கு உண்டு. எடை, அளவைச் சட்டம் நிறைவேறியது 1956 டிசம்பரில். கிலோ 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கடைகளுக்கு வந்தது. 1962 ஏப்ரலில் மெட்ரிக் அளவு கட்டாயமானது. சாலையும் தராசும் அரசின் கையில் இருந்தன, அவை மாறின. மக்கள் வாயில் இருந்த உயரங்கள் மாறவில்லை.

பெய்வது சென்டிமீட்டரில், தேங்குவது அடியில்

இதைவிட நல்ல புதிர் எனக்குத் தெரியாது. மழையை மில்லிமீட்டரிலும் சென்டிமீட்டரிலும் அளக்கிறோம். அந்த மழை சாத்தனூர் அணைக்குள் போனதும் அடியாகிவிடுகிறது. அணையின் முழு மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி, அதாவது 7.3 டி.எம்.சி. திறந்துவிடுவது நொடிக்கு இத்தனை கன அடி. அந்த நீர் குழாயில் வீட்டுக்கு வரும்போது லிட்டர். ஒரே தண்ணீருக்கு வானத்திலிருந்து குடம் வரை மூன்று வேடம்.

ஃபெஞ்சல் புயலை ஒட்டி 2024 டிசம்பர் 2-ஆம் தேதி அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வெளியேறியது. தென்பெண்ணைக் கரை ஊர்களில் பலருக்கு அந்த எண்ணின் கனம் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகுதான் புரிந்திருக்கும். ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்படியானால் நொடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய 400, ஒவ்வொரு நொடியும். இன்னொரு விதமாகச் சொன்னால், 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. அன்றைய வேகத்தில் ஒரு டி.எம்.சி.க்கு ஒரு மணி நாற்பது நிமிடம்கூட ஆகாது. எச்சரிக்கைச் செய்தியில் கன அடியோடு இப்படி ஒரு வரியும் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பேருக்கு உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டாவில் 40.50 என்றால்?

நாற்பதரை சென்ட் என்று நினைத்தால் பாதிக்கு மேல் நிலம் போனது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 40.50 ஏர் என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர். கிரயப் பத்திரத்திலோ அதே நிலம் ஏக்கர், சென்ட்டில் எழுதப்பட்டிருக்கும். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், தலைப்பில் என்ன அலகு என்பதை முதலில் படியுங்கள். எண்ணை அப்புறம் படிக்கலாம்.

கிரிக்கெட் ஆடுகளத்துக்குள் ஒரு சங்கிலி

ஆடுகளம் 22 கஜம். ஏன் 20 இல்லை, 25 இல்லை? 22 கஜம் என்பது 66 அடி. அது எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் அமைத்த நில அளவைச் சங்கிலியின் நீளம். அதில் 100 கண்ணிகள். ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் இருந்தால் ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒன்று சென்ட், 435.6 சதுர அடி. அறுவடை முடிந்த வேர்க்கடலைக் கொல்லையில் ஸ்டம்பு நட்டு விளையாடும் பிள்ளைகள் தங்களை அறியாமலே ஒரு சங்கிலி தூரத்தை ஓடிக் கடக்கிறார்கள்.

மொழிபெயர்த்தால் செத்துப்போகும் புதிர்

“ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா?” இது கவனத்தைச் சோதிக்கும் கேள்வி. இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு: “ஒரு பவுண்டு தங்கம் கனமா, ஒரு பவுண்டு பஞ்சு கனமா?” இங்கே விடை பஞ்சு! தங்கத்தை நிறுக்கும் டிராய் பவுண்டு 373 கிராம், பஞ்சை நிறுக்கும் சாதாரணப் பவுண்டு 454 கிராம். சரி, ஒரு அவுன்சு தங்கமும் ஒரு அவுன்சு பஞ்சும்? இப்போது தங்கம்தான் கனம். தங்க அவுன்சு 31.1 கிராம், மற்றது 28.35 கிராம். டிராய் பவுண்டுக்கு 12 அவுன்சு, சாதாரணப் பவுண்டுக்கு 16 என்பதே ரகசியம். இந்தப் புதிரைக் கிலோவுக்கு மாற்றினால் ஒன்றுமே மிஞ்சாது.

இன்னொரு வகையும் உண்டு. “மணிக்கு 60 மைல் வேகம், ஒரு மைல் கடக்க எத்தனை நிமிடம்?” ஒரு நிமிடம். அழகான கணக்கு. இதைக் கால்குலேட்டரில் போட்டு 96.56 கிலோமீட்டர் என்று மாற்றிக் கொடுத்தால் படிக்கிறவர் ஓடிப்போவார். 60 கிலோமீட்டர் என்று புதிதாக எழுதிவிட வேண்டும். பல நாட்டுக்காரர்களுக்குப் புதிர் செய்கிறவர்கள் அலகை மாற்றுவதோடு நிறுத்தக் கூடாது, கணக்கையே திரும்பப் பின்ன வேண்டும். பூட்டைத் திறக்கும் நாலு இலக்க எண் 5280 என்று ஒரு புதிரில் வைத்தால், ஒரு மைலுக்கு எத்தனை அடி என்று பள்ளியில் படித்த அக்கா மகள் உடனே திறந்துவிடுவாள். அண்ணன் மகனுக்கு அது நியாயமில்லை. அதுபோல சென்ட்டின் 435.6-ஐ மனத்தில் கொண்டு 4356 என்று வைத்தால் அவளுக்கு நியாயமில்லை.

கல்வெட்டில் அலகு மாற்றம்

ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்த அலகுச் சிக்கலை நேர்மையாகத் தீர்த்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் நெல்லை அளக்கும் மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். பெயரோடு நிறுத்தாமல், அது ‘ராஜகேசரி’ என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் பொறித்திருக்கிறார்கள். பொன்னை நிறுக்கும் கல்லுக்குத் தனிப் பெயர், மணிகளை நிறுக்கும் கல்லுக்குத் தனிப் பெயர். எந்த ஊர்க்காரன் நெல் கொண்டுவந்தாலும் சண்டைக்கு இடமில்லை. மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்ட நாட்டில், “எந்த மரக்கால்?” என்ற கேள்விக்குச் சுவரிலேயே பதில்.

மா பெரிதா, காணி பெரிதா?

வாய்பாட்டில் மா என்பது 1/20, காணி 1/80. ஆகவே ஒரு மா நாலு காணி. நிலத்திலோ தலைகீழ்! தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மா 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். நம் வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காணி 57,600 சதுர அடி, அதாவது 1.32 ஏக்கர். வகுத்துப் பாருங்கள், நாலு மா ஒரு காணி. எண்ணையும் நிலத்தையும் குழப்பிக்கொண்டால் பதினாறு மடங்கு தவறிவிடும்.

மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, 1/16. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும் இந்தப் பின்னம் சந்தையிலிருந்து விலகியது.

ஒரு நாழியில் எத்தனை நெல்?

14,400. எண்ணிப் பார்க்க வேண்டாம். 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு நாழி. ‘கணக்கதிகாரம்’ முதலிய பழைய கணக்கு நூல்கள் இப்படி அடுக்குகின்றன. காரி நாயனார் செய்த அந்த நூலில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ணும் வழியும் உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறார்.

பர்மாவில் வாழும் வீசை

மெட்ரிக்குக்கு முழுதாக மாறாத நாடுகள் என்று அமெரிக்கா, லைபீரியா, மியான்மர் மூன்றையும் சொல்வார்கள். மியான்மர் சந்தையில் இன்றும் காய்கறி நிறுக்கும் அலகுக்கு ஆங்கிலத்தில் ‘விஸ்’ என்று பெயர். நம் ‘வீசை’ என்ற சொல்லிலிருந்து போனது அது. ஆனால் எடை ஒன்றல்ல. நம் வீசை 1.4 கிலோ, அவர்களுடையது 1.63 கிலோ.

மீட்டர் கேஜ்

விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை நெடுங்காலம் மீட்டர் கேஜாக இருந்தது, இப்போது அகலப்பாதை. பிரிட்டிஷ் ஆட்சியில் ‘மீட்டர்’ எப்படி வந்தது? 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபு இந்தியாவை மெட்ரிக்குக்கு மாற்ற எண்ணியிருந்தார். அதனால், 3 அடி 3 அங்குலம் என்று யோசித்திருந்த தண்டவாள அகலம் ஒரு மீட்டராக்கப்பட்டது. 1871-இல் கிலோகிராமை ‘சேர்’ என்று அழைக்கும் சட்டமும் வந்தது. 1872 பிப்ரவரியில் அந்தமானில் மேயோ கொல்லப்பட்டார், அந்தச் சட்டமும் ஏட்டோடு நின்றது. கிலோ கடைக்கு வர இன்னும் 86 ஆண்டு ஆனது. அதுவரை இந்திய மெட்ரிக்கின் சாட்சியாகத் தண்டவாளம் மட்டும் கிடந்தது.

அலகே வேண்டாத புதிர்

போன ஞாயிற்றுக்கிழமை நான் இருவருக்கும் ஒரு புதிர் போட்டேன். எட்டுப் படிப் பாத்திரம் நிறைய எண்ணெய். பக்கத்தில் ஐந்து படி, மூன்று படிப் பாத்திரங்கள் காலியாக. வேறு அளவு கிடையாது. எண்ணெயைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டு ஏட்டிலேயே இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 1995-இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றில் மூன்று காலன், ஐந்து காலன் குடுவைகளை வைத்து இதன் தம்பியைக் காட்டினார்கள்.

“படின்னா எத்தனை லிட்டர், மாமா?” என்றாள் அக்கா மகள்.

“தெரிய வேணாம்மா. எந்தப் படியா இருந்தாலும் வரும்.”

அண்ணன் மகன் அடுப்படியிலிருந்து மூன்று டம்ளர் எடுத்து வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். அவள் தாளில் எண் எழுதிக்கொண்டே போனாள். இரண்டு பேருக்கும் ஏழாவது ஊற்றலில் நாலும் நாலும் நின்றது.