பிரெஞ்சுச் சொல்லை எங்கே பிரிப்பது?

பிரெஞ்சுச் சொல் ஒன்றை இருவகையாகப் பிரிக்கலாம்: சேர்ந்தொலிக்கும் துண்டுகளாகிய அசைகளாகப் பிரிப்பது ஒன்று, பொருள் தரும் மிகச் சிறிய உறுப்புகளாகிய உருபன்களாகப் பிரிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே இடத்தில் பிரியும் என்று நம்பித் தொடங்கும் மாணவர் விரைவிலேயே தடுமாறுகிறார்.

அசைப் பிரிப்பின் அடிப்படை எளியது. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனி மெய் நின்றால் அது பின்வரும் உயிரோடு சேரும் என்பதால், விலங்கைக் குறிக்கும் 'அனிமால்' என்பது அ-னி-மால் எனப் பிரியும். இரண்டு மெய்கள் நின்றால் 'பர்-திர்' என்பதுபோல ஆளுக்கொரு பக்கம் போகும். இரண்டாவது மெய் லகரமோ ரகரமோ ஆனால் பெரும்பாலும் இரண்டும் பிரியாமல் நிற்பதால், ஓவியத்தைக் குறிக்கும் 'தாப்லோ' தா-ப்லோ என்றாகும்.

பொருளோ இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. 'இனிமையற்ற' என்னும் பொருளுடைய 'தெஸாக்ரேயாப்ல்' என்ற சொல்லில் 'தெஸ்' எதிர்மறை முன்னொட்டு, 'ஆக்ரேயாப்ல்' இனிமையானது; ஆனால் ஒலிக்கும்போது தெ-ஸா-க்ரே-யாப்ல் என்று, முன்னொட்டின் இறுதி மெய் அடுத்த அசைக்குத் தாவிவிடுகிறது. 'பொருள்', 'இல்லை' இரண்டும் 'பொருளில்லை' எனப் புணர்வதை அறிந்த தமிழருக்கு இது வியப்பளிக்காது.

இரு பிரிப்புகளும் சேர்ந்து வரலாற்றையே காட்டும் இடமும் உண்டு. 'மெதுவாக' என்னும் பொருளுடைய 'லான்த்மான்' என்பதன் இறுதியிலுள்ள 'மான்' வினையடை ஆக்கும் பின்னொட்டு. மனத்தைக் குறித்த லத்தீன் பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. அப்பெயர் பெண்பால் என்பதால் அதனைத் தழுவிய பெயரடையும் பெண்பால் வடிவம் ஏற்றது. அதனால்தான் இன்றும் 'லான்' என்னும் ஆண்பால் வடிவத்தோடு அன்றி, 'லான்த்' என்னும் பெண்பால் வடிவத்தோடு பின்னொட்டு சேர்கிறது. அப்பெண்பால் வடிவின் ஈற்றில் எழுதப்படும் எகரம் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. எனவே எழுத்தில் மூன்று அசைகளாகப் பிரியும் சொல் பேச்சில் இரண்டாகச் சுருங்குகிறது.

தென் பிரான்சில் பலர் இந்த எகரத்தை இன்றும் ஒலிக்கின்றனர். செவ்வியல் யாப்போ அதனைக் கணக்கில் கொண்டே தீரும்: 1677இல் அரங்கேறிய ரசீனின் 'ஃபேத்ர்' நாடகத்தைப் போல, அடிக்கு 12 அசை கொண்ட செய்யுளில், மெய்க்கு முன் வரும் இந்த எகரம் முழு அசையாகவே எண்ணப்படுகிறது, உயிருக்கு முன் வந்தால் கெடும். ஆகவே அச்செய்யுளை மேடையில் சொல்லும் நடிகர் பேச்சு வழக்கின்படி அதனை விழுங்கிவிட்டால், அடியில் ஓரசை குறைந்துவிடும்.