மலிவான தசை உணரியை எப்படிச் சோதிப்பது?

தசை நார்கள் சுருங்கத் தூண்டும் மின்மாற்றத்தைத் தோலின் மேல் வைத்த மின்முனைகளால் அளப்பதே தசைமின் பதிவு. சில மில்லிவோல்ட் மட்டுமே வரும் அச்சமிக்ஞை பெரும்பாலும் 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்களில் பரவியிருப்பதால், அதைச் சிதையாமல் பதிய நொடிக்கு 1000 முறைக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும். கனடாவின் தால்மிக் லேப்ஸ் விற்ற மலிவான தசை உணரியான மயோ கைப்பட்டையோ நொடிக்கு 200 முறையே எடுத்தது. கை மூடியதா, விரிந்ததா என்றறிய அது போதும். களைத்த தசையில் அதிர்வெண்கள் கீழிறங்குவதை அளக்க அதை நம்புவது வீண்.

இத்தகைய உணரியை ஆய்வகக் கருவியுடன் ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. இரண்டின் மின்முனைகளையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வைக்க இயலாது. சிறிது விலகினாலும் அளவு மாறும். எனவே இரண்டையும் மாறிமாறி அணிவித்து, ஒரே பளுவைத் தாங்கச் செய்து, ஒவ்வொரு அளவையும் அதே கருவி முழு வலிமையின்போது காட்டியதன் விழுக்காடாக மாற்றியே ஒப்பிடுகின்றனர். கையைத் தளர்த்தி வைத்த நிலையிலும் பதிவு எடுப்பது அவசியம். ஏனெனில் பசையில்லா உலோக மின்முனைகள், வியர்வை சற்றுக் கசிந்து தோலோடு தொடர்பு சீராகும்வரை, வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையே தசையின் செயலாகக் காட்டக்கூடும்.