அந்தியில் மலரும் வெள்ளைப் பூ: அழகா, ஆபத்தா?

வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கீழவைப்பார். முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற கரை. முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. மணலும் பனையும் உடைமரமுமாகக் கிடக்கும் இந்தப் பக்கத்துக்குப் பகலில் வருகிறவர், "பூ எங்கே ஐயா இருக்கிறது?" என்று கேட்டாலும் கேட்பார். பொழுது சாய்ந்த பிறகல்லவா வந்து பார்க்க வேண்டும்!

காலைப் பூ அடம்பு. ஆட்டுக் குளம்பு போல் பிளந்த இலை, ஊதா நிறப் பூ. வெயில் ஏற ஏற அது களைத்துப் போகும். அதன் பிறகுதான் வெள்ளைப் பூக்களின் ராஜ்யம்.

இருட்டில் பகட்டு வர்ணம் எதற்கு? வெண்மையும் வாசனையும் போதும். வருகிற விருந்தாளி தேனீ அல்ல, அந்துப்பூச்சி. அதில் ஒரு வகை, சர்க்கரைவள்ளிக் கொடியைத் தின்று புழுவாக வளர்ந்தது. உடலைவிட நீளமான உறிஞ்சு குழலைக் கடிகார வில் போலச் சுருட்டி வைத்திருக்கும். பூவில் உட்காராது. அந்தரத்தில் நின்றபடியே குழலை நீட்டி, ஆழத்தில் உள்ள தேனைக் குடித்துவிட்டுப் பறந்து விடும்.

பார்க்க வேடிக்கைதான். ஆனால் பூவைத் தெரியாமல் பறிப்பது வேடிக்கை அல்ல. மன்னார் வளைகுடாக் கரையோரத்தில் அடம்புக்கு உறவான கொடி ஒன்று இரவில் வெள்ளைப் பூப் பூக்கிறது. ஊமத்தையும் அந்தியில் வெள்ளையாகவே விரிகிறது. இரண்டும் புனல் வடிவம். குழந்தைகளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ஊமத்தை நிமிர்ந்து நிற்கும் செடி. மற்றது படரும் கொடி. ஊமத்தை இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். கொடியின் இலையோ இருதய வடிவம். அதன் பூ மறுநாள் காலையில் துவண்டு விடும். ஊதா நிறத்தில் பூக்கும் கருவூமத்தையும் விஷமே.

கண் டாக்டர்கள் பாவையை விரிக்கச் சொட்டு மருந்தாக விடுகிறார்களே அட்ரோபின், அது ஊமத்தையில் இருக்கிறது. விதையைத் தின்றவருக்கு நாக்கு வறளும், உடம்பு கொதிக்கும், பாவை விரிந்து பார்வை மங்கும், நெஞ்சு படபடக்கும், பிதற்றல் உண்டாகும். கை வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். தின்ற செடியில் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூவைப் பார்த்துச் சந்தேகம் தீரவில்லையா? காயைத் தேடுங்கள். உருண்டையாக, மேலெல்லாம் முள்ளாக இருந்தால் அது ஊமத்தை.