ரோபாட்டுக்கு ஓர் ஒத்திகைக் களம்

புதிதாய்ச் செய்த ரோபாட் முதல் நாளிலேயே இடறி விழுமானால், பல மாத உழைப்பும் பெரும் பொருளும் வீணாகக் கூடும். ஆதலின், முதலில் கணினியிலேயே ஒத்திகை பார்க்கின்றனர். அதற்குப் பெரிதும் உதவுவது 'கஸீபோ' என்னும் மென்பொருள்.

2002-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், ஆண்ட்ரூ ஹோவர்டும் அவர் மாணவர் நேட் கோனிக்கும் இதனைத் தொடங்கினர். எடை, உராய்வு, மோதல் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ரோபாட் அடுத்த கணம் எங்கே இருக்கும், அதன் காமிரா எதைக் காணும் என்பவற்றை இது காட்டுகிறது.

இதன் மூல நிரல் எவரும் படித்துத் திருத்தத்தக்கது. 2009-இல் ஜான் ஸூ என்னும் பொறியாளர், ரோபாட்டுகளை இயக்கும் 'ராஸ்' மென்பொருளை இதனோடு இணைத்தார். கணினியில் சோதித்த நிரலையே மெய்யான ரோபாட்டிலும் இயக்குவதற்கு இவ்விணைப்பு வழிகோலிற்று.

2011-இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து, மனிதர் நுழையவியலா இடங்களுக்கு ரோபாட்டுகள் தேவை என்பதை உணர்த்திற்று. அதன்பின் அமெரிக்காவின் 'டார்பா' நிறுவனம் நடத்திய போட்டியின் ஒரு கட்டம், 2013 ஜூனில் முற்றிலும் கணினியிலேயே, கஸீபோவைக் கொண்டு நிகழ்ந்தது. வாகனம் ஓட்டல், கரடுமுரடான தரையில் நடத்தல், நீர்க்குழாயைப் பொருத்தல் ஆகியவை சோதனைகள். சொந்த ரோபாட் இல்லாத குழுக்களும் பங்குகொண்டன. முன்னணியில் நின்றவை 'அட்லஸ்' ரோபாட்டைப் பெற்றன.

ஒத்திகை மெய்ச் சோதனைக்கு ஈடாகாது. உராய்வைத் தவறாய்க் கொடுத்தால் விடையும் தவறாகும். எனினும், இதன் புதிய வடிவம் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. கருவி வாங்க வசதியில்லாத பள்ளியிலும், கணினி ஒன்று இருப்பின், ஆசிரியர் இக்கலையைக் கற்பிக்கலாம்.